40,000 ரூபாய் பிராசஸர்... திருப்பூர் கணக்குல பார்த்தா லாபமா, நஷ்டமா?

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி ஓனர்கிட்ட போய், 'புதுசா ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்கலாமுங்களா?'னு கேட்டுப் பாருங்க. மெஷினோட பிராண்டைப் பத்தி அப்புறம்தான் பேசுவார். 'ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் கூட வருமுங்க? அத்தனை பீஸுக்கு ஆர்டர் இருக்குதுங்களா? போட்ட காசு எத்தனை மாசத்துல திரும்பும்?' இந்த மூணு கேள்விக்கும் பதில் கிடைச்சாத்தான் அட்வான்ஸ் கொடுக்கவே கை நீளும்.

அதே கம்பெனியின் மாடியில் இருக்கும் டிசைன் ரூமுக்கு கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் இந்தக் கணக்கு எங்கேயோ காணாமல் போய்விடுகிறது. 'சிஸ்டம் ஸ்லோவா இருக்கு சார், பிராசஸரை மாத்திடலாம்' என்று ஒருத்தர் சொல்கிறார். யூடியூப்ல பார்த்த வீடியோவும் அதையேதான் சொல்லுது. அடுத்த வாரம் டப்பா வந்து இறங்கிவிடும். வீட்டிலேயே உட்கார்ந்து பிரிண்ட் டிசைன், எம்பிராய்டரி டிஜிட்டைஸிங் பண்ணிக் கொடுக்கிற இளைஞர்களுக்கு இது இன்னும் பெரிய முடிவு. அவங்களுக்கு அது ஒன்றரை, ரெண்டு மாச வருமானம்.

அந்தக் காசைப் போடலாமா, வேண்டாமா? மெஷின் வாங்குற அதே திருப்பூர் கணக்கை பிராசஸருக்கும் போட்டுப் பார்த்துடுவோம்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

2025-ல் மூணு விஷயங்கள் ஒண்ணா வந்து சேர்ந்திருக்கு.

முதலாவது, அமெரிக்க வரி. ஆகஸ்ட் 7-ம் தேதி 25 சதவிகிதம், ஆகஸ்ட் 27-ம் தேதி கூடுதலாக இன்னொரு 25 சதவிகிதம் என இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா வரி போட்டது. வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூருக்கு, அமெரிக்காதான் பெரிய சந்தைகளில் ஒன்று. ஆர்டர் எப்போ வரும், எந்த விலைக்கு வரும் என்பதே சந்தேகமாக இருக்கும்போது, ஒவ்வொரு செலவையும் ரெண்டு தடவை யோசிக்க வேண்டியிருக்கு.

இரண்டாவது, விண்டோஸ் 10. அக்டோபர் 14-ம் தேதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 'பழைய பிராசஸர் இனி உதவாது' என்ற பேச்சு கிளம்பியதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, ரேம் விலை. ஏ.ஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் கொள்ளை கொள்ளையாகத் தேவைப்படுவதால், சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் தங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டன. 'க்ரூஷியல்' என்ற பெயரில் நமக்கெல்லாம் ரேம் விற்றுக்கொண்டிருந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விட்டு விலகுவதாக டிசம்பர் 3-ம் தேதி அறிவித்தது. நூல் விலை ஏறினா பனியன் விலை என்னாகும்னு திருப்பூர்க்காரங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்கு ரேம்தான் இப்போ நூல்.

வருமானம் நிச்சயமில்லை, மாற்றச் சொல்லி நெருக்குகிறார்கள், மாற்றும் செலவும் ஏறிக்கொண்டே போகிறது. இந்த நிலைமையில் தப்பான பொருளுக்குக் காசு போட்டால் எழுந்து வர நாளாகும்.

ஸ்லோன்னா, எது ஸ்லோ?

தையல் லைனை நினைச்சுக்கோங்க. ஓவர்லாக், ஃபிளாட்லாக், செக்கிங், அயனிங், பேக்கிங்னு பீஸ் வரிசையா நகருது. செக்கிங்ல பீஸ் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும்போது, வேகமான ஓவர்லாக் மெஷின் ஒண்ணு கொண்டுவந்து போட்டா என்ன ஆகும்? மலை இன்னும் கொஞ்சம் உயரும், அவ்வளவுதான். பாக்ஸ் கட்டுற எண்ணிக்கை மாறாது.

கம்ப்யூட்டரும் ஒரு லைன்தான். பிராசஸர், ரேம், எஸ்.எஸ்.டி, கிராஃபிக்ஸ் கார்டு என்று வேலை கைமாறிப் போகிறது. இதில் எங்கே குவிகிறது என்று பார்க்காமல் பிராசஸரை மாற்றுவது, செக்கிங்கைப் பார்க்காமல் ஓவர்லாக் வாங்குகிற கதை.

பார்க்கிறதுக்குப் பைசா செலவில்லை. வழக்கமா எந்த வேலையில சிஸ்டம் இழுக்குதோ, அந்த வேலையை ஓட விடுங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணு பட்டனையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போங்க.

மெமரி 90 சதவிகிதத்துக்கு மேலே நின்றால், உங்களுக்குத் தேவை ரேம். லேயர் லேயராக அடுக்கிய பெரிய போட்டோஷாப் ஃபைல், பக்கத்தில் கோரல்டிரா, பின்னால் குரோமில் முப்பது டேப் என்று வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் சிக்கல். டிஸ்க் 100 சதவிகிதத்தில் ஒட்டிக்கொண்டிருந்து, உள்ளே இருப்பது பழைய ஹார்டு டிஸ்க் என்றால், ஒரு எஸ்.எஸ்.டி மாற்றினாலே ஆள் மாறினது மாதிரி இருக்கும். டேலி, எக்ஸல், மெயில் மட்டும் பார்க்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பலவும் இந்த ரகம்தான்.

மெமரியும் டிஸ்க்கும் சும்மா இருக்க, சி.பி.யு மட்டும் நூறை நெருங்கி நிற்குதா? அப்போ பிராசஸர் பேச்சுக்கு அர்த்தம் இருக்கு.

இதுல இன்னொரு நுணுக்கமும் உண்டு. எட்டு த்ரெட் உள்ள பிராசஸரில், நீங்க காத்துட்டு இருக்கும்போது சி.பி.யு வெறும் 12, 13 சதவிகிதத்திலேயே அசையாம நின்னா, 'அதான் நிறைய மிச்சம் இருக்கே'னு நினைச்சுடாதீங்க. நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. அதாவது ஒரே ஒரு த்ரெட் மூச்சு முட்ட வேலை செய்யுது, மற்ற ஏழும் சும்மா உட்கார்ந்திருக்கு. இந்த மாதிரி வேலைக்கு 16 கோர், 24 கோர் பிராசஸர் வாங்குவது வீண். கோர் குறைவாக இருந்தாலும், ஒவ்வொரு கோரும் வேகமாக ஓடக்கூடிய நடுத்தர விலை பிராசஸரே அந்த வேலையைச் செய்துவிடும்.

எல்லா கோர்களையும் பயன்படுத்தும் வேலைகளும் திருப்பூரில் இருக்கின்றன. துணியில் பேட்டர்ன்களை அடுக்கிப் பார்க்கும் ஆட்டோமேட்டிக் மார்க்கர், முப்பரிமாண கார்மென்ட் சாஃப்ட்வேரில் பையருக்கு அனுப்ப எடுக்கும் ரெண்டர், வீடியோ எடிட்டிங் ஆகியவை அந்த வகை. ஆனால் ரெண்டரை கிராஃபிக்ஸ் கார்டிலும் ஓட்டலாம் என்பதால், பிராசஸருக்குப் போடும் காசைக் கார்டுக்குப் போட்டால் எது லாபம் என்பதையும் சேர்த்தே பார்க்கணும்.

பாதி வேகம் கூடினா, பாதி நேரம் குறையுமா?

குறையாது. 1967-லேயே ஐ.பி.எம் இன்ஜினீயரான ஜீன் ஆம்டால் இதைக் கணக்காகச் சொல்லிவிட்டார். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால், மொத்த வேலையில் அந்தப் பகுதி எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் பலன் கிடைக்கும்.

நம்ம ஊர்க் கணக்கா போடுவோம். ஒரு டிசைனை முடிக்க 60 நிமிஷம் ஆகுதுன்னு வெச்சுக்குவோம். அதில் 45 நிமிஷம் நீங்க யோசிக்கிறது, வரையறது, கலர் பிரிக்கிறது, வாட்ஸ்அப்பில் வந்த திருத்தத்தைப் பார்க்கிறது. மிச்சம் 15 நிமிஷம்தான் கம்ப்யூட்டர் வேலை செய்ய, நீங்க காத்திருக்கிற நேரம். இப்போ ரெண்டு மடங்கு வேகமான பிராசஸர் போட்டா, அந்த 15 நிமிஷம் ஏழரை ஆகும். மொத்தம் 60 நிமிஷ வேலை, 52.5 நிமிஷ வேலையாக மாறும். டப்பாவின் மேலே ரெண்டு மடங்குன்னு போட்டிருந்தாலும், உங்க கைக்கு வர்றது எட்டில் ஒரு பங்குதான்.

அதையும் காசா மாத்திப் பார்க்கலாம். நாளைக்கு எட்டு டிசைன் முடிக்கிறவருக்கு, தலா ஏழரை நிமிஷம் மிச்சமானால் ஒரு மணி நேரம் கிடைக்கும். அவர் ஒரு மணி நேர வேலைக்கு 150 ரூபாய் சம்பாதிக்கிறார், மாசத்துக்கு 25 நாள் வேலை என்றால், மாதம் 3,750 ரூபாய். பிராசஸர், போர்டு, ரேம் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் ஆனால், 12 மாசத்தில் போட்ட காசு திரும்பிவிடும். இது நல்ல முதலீடு. தாராளமா வாங்கலாம்.

ஆனால் இந்தக் கணக்கு முழுக்க ஒரு நிபந்தனையில் தொங்கிட்டு இருக்கு. மிச்சமாகிற அந்த ஒரு மணி நேரத்துக்கு வேலை இருக்கணும். டிசைன்கள் வரிசையில் காத்திருந்தால், அந்த ஒரு மணி நேரம் 150 ரூபாய். நாலே டிசைன்தான் வருது, மத்தியானத்துக்கு மேலே ரீல்ஸ்தான் ஓடுதுன்னா, அந்த ஒரு மணி நேரத்துக்கு மதிப்பே இல்லை. ஆர்டர் இல்லாத மாசத்தில் புது மெஷின் இறக்காத அதே புத்திதான் இங்கேயும் தேவை. வரி நிலவரம் தெளியாத இந்த நேரத்தில், போன வருஷத்து வேலையை வைத்துக் கணக்குப் போடாமல், கடைசி மூணு மாசம் உண்மையிலே வந்த வேலையை வைத்துப் போடுங்க.

இதற்கு நேர்மாறான நிலைமையும் உண்டு. சாம்பிளுக்கு முன்னாடியே முப்பரிமாணப் படம் கேட்கிற பையர் கிடைத்திருக்கிறார், மறுநாள் காலைக்குள்ளே படம் போகணும், இருக்கிற சிஸ்டத்தில் அது ஓடவே மாட்டேங்குது என்றால், நிமிஷக் கணக்கே தேவையில்லை. அந்த ஆர்டரே உங்க கையை விட்டுப் போய்விடும். அங்கே அப்கிரேடு என்பது அவசியம்.

பிராசஸர் தனியா வராது

40,000 ரூபாய் பிராசஸர் 40,000 ரூபாயோடு நிற்காது. முதல் கேள்வி, அது உங்க மதர்போர்டில் உட்காருமா?

ஏ.எம்.டி-யின் ஏ.எம்4 சாக்கெட்டில் ரைசன் 2017-ல் வந்தது. அந்தக் காலத்து ரைசன் வைத்திருப்பவர்கள், போர்டின் பயாஸை அப்டேட் செய்து பல போர்டுகளில் ரைசன் 5000 வரிசை பிராசஸரையே போட்டுக்கொள்ளலாம். இருக்கிற ரேமே போதும். ரேம் விலை எகிறியிருக்கும் இந்த நேரத்தில் இதுதான் சிக்கனமான வழி. வாங்கும் முன்னால், உங்க போர்டு கம்பெனியின் தளத்தில் அந்த பிராசஸர் பட்டியலில் இருக்கான்னு மட்டும் பார்த்துடுங்க. புது ஏ.எம்5-க்குப் போனால் போர்டும் புதுசு, டி.டி.ஆர்5 ரேமும் புதுசு.

இன்டெலில் 12, 13, 14-ம் தலைமுறைகள் ஒரே சாக்கெட். 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு வேறு சாக்கெட். 13, 14-ம் தலைமுறையின் உயர் ரக டெஸ்க்டாப் பிராசஸர்களைப் பழசாக வாங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதிக வோல்டேஜால் அவற்றில் சில நிலையில்லாமல் போவதை 2024-ல் இன்டெலே ஒப்புக்கொண்டு, வாரன்டியை மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாக நீட்டியது. பயாஸ் அப்டேட் மேற்கொண்டு பாதிப்பு வராமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டுப்போனதைச் சரிசெய்யாது. வாரன்டி மீதி இருக்கா, பில் இருக்கான்னு கேட்காம கைமாத்திடாதீங்க.

அடுத்தது மின்சாரம். கோர் ஐ9 14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். அதோடு கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்தால், டிசைன் ரூம்களில் சாதாரணமாக இருக்கும் 600 வி.ஏ யு.பி.எஸ் தாங்காது. அதன் நிஜமான திறன் பெரும்பாலும் 360 வாட்தான். கரன்ட் போகும் நொடியில் யு.பி.எஸ்ஸும் சேர்ந்து படுத்துவிடும். அப்புறம் பெரிய யு.பி.எஸ், பெரிய எஸ்.எம்.பி.எஸ், நல்ல கூலர் என்று பில் நீளும்.

கடைசியாக, திருப்பூருக்கே உரிய ஒரு சமாச்சாரம் பஞ்சு. நிட்டிங், கட்டிங் நடக்கும் கட்டடத்தில் காற்றிலேயே பஞ்சு மிதக்கும். அது போய் கம்ப்யூட்டரின் ஹீட்சிங்க்கில் மெத்தை மாதிரிப் படிந்துகொள்ளும். சூடு வெளியேறாவிட்டால், பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'மூணு வருஷத்துல ஸ்லோ ஆயிடுச்சு' என்று சொல்லப்படும் சிஸ்டங்களைத் திறந்து பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது. சிஸ்டத்தை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கிட்டு, ஃபேன் சுத்தாம விரலால் பிடிச்சுக்கிட்டு, பஞ்சை ஊதி எடுங்க. காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாத்துங்க. சில நூறு ரூபாயில் பழைய வேகம் திரும்பினாலும் ஆச்சர்யமில்லை. புது பிராசஸர் போட்டாலும் இதைச் செய்யாவிட்டால், கொஞ்ச நாளில் அதுவும் அதே கதிதான்.

விண்டோஸ் 11 பயம்

மைக்ரோசாஃப்ட் பட்டியல்படி, பொதுவாக இன்டெலில் 8-ம் தலைமுறை, ஏ.எம்.டி-யில் ரைசன் 2000 வரிசை, அதற்கு மேலே இருந்தால் விண்டோஸ் 11 ஏறும். கூடவே டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 'உங்க சிஸ்டம் தகுதி இல்லை'னு காட்டினா, உடனே கடைக்கு ஓடாதீங்க. பல போர்டுகளில் அந்த வசதி உள்ளேயே இருக்கும், பயாஸில் ஆஃப் ஆகிக் கிடக்கும். இன்டெலில் பி.டி.டி, ஏ.எம்.டி-யில் எஃப்.டி.பி.எம் என்ற பெயரில் தேடி, ஆன் செய்தால் வேலை முடிந்தது.

அதைவிடப் பழைய சிஸ்டம் என்றாலும் அவகாசம் இருக்கிறது. வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்களை 2026 அக்டோபர் 13 வரை மைக்ரோசாஃப்ட் தருகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்குகளை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணம் கிடையாது. ரேம் விலை உச்சத்தில் இருக்கும்போது அவசரப்பட்டு வாங்காமல், இந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் பேங்க் வேலை, ஜி.எஸ்.டி ஃபைலிங் எல்லாம் நடக்கும் கம்ப்யூட்டரை எந்த அப்டேட்டும் இல்லாம அப்படியே விட்டுடாதீங்க.

'நைட்டு கேம் ஆடத்தான் ப்ரோ!'

அதுவும் நியாயமான ஆசைதான். உழைக்கிறதுக்கு மட்டுமா கம்ப்யூட்டர்? 2024 நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி, கேமிங்குக்கு மிக வேகமான பிராசஸர் என்று பேர் வாங்கியது. ஆனால் உங்க மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால், நொடிக்கு 60 ஃபிரேம்தான் அதில் தெரியும். பிராசஸர் 200 ஃபிரேம் கொடுத்தாலும் அவ்வளவுதான். 1440பி, 4கே-யில் ஆடினால், பெரும்பாலான கேம்களில் கிராஃபிக்ஸ் கார்டுதான் முதலில் மூச்சு வாங்கும். ஒரு சின்ன சோதனை. கேமில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்க. எஃப்.பி.எஸ் நல்லா ஏறினா, தடை கார்டில் இருக்கு. ஏறவே இல்லைன்னா, பிராசஸரில் இருக்கு.

காசு கட்டும் இடத்தில்

'நோ காஸ்ட் இ.எம்.ஐ' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பேங்க் வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டி அளவுக்கு விலையில் முன்கூட்டியே தள்ளுபடி தருவார்கள். ஆனால் வட்டி மீதான 18 சதவிகித ஜி.எஸ்.டி-யும், பிராசஸிங் கட்டணம் இருந்தால் அதுவும் உங்க தலையில்தான் விழும். மொத்தமாகக் காசு கொடுத்தால் அதே பொருள் எவ்வளவுக்கு வரும்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

ஜி.எஸ்.டி பதிவு செய்து, காம்பொசிஷன் திட்டத்தில் இல்லாமல் தொழில் செய்கிறீர்கள் என்றால், தொழிலுக்கு வாங்கும் கம்ப்யூட்டர் பாகங்களுக்குக் கட்டிய 18 சதவிகித வரியை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம். அதற்கு பில் உங்க ஜி.எஸ்.டி எண்ணில் இருக்கணும். வருமான வரியில் கம்ப்யூட்டருக்கு 40 சதவிகித தேய்மானமும் உண்டு. 'பில் இல்லாம ஆயிரம் ரூபா குறைச்சுத் தர்றேன்' என்று யாராவது சொன்னால், இது ரெண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்க. வாரன்டியும் பில்லோடு சேர்ந்துதான் வருது.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி

ஒரு வாரம், ஒரு நோட்டில் எழுதுங்க. எந்த வேலையில எத்தனை நிமிஷம் சும்மா காத்திருந்தீங்க, அப்போ டாஸ்க் மேனேஜர்ல எது நிறைஞ்சிருந்தது, அவ்வளவுதான். வார முடிவில் கூட்டிப் பாருங்க. தினம் 10 நிமிஷம்கூட வரலைன்னா, பஞ்சைத் தட்டிட்டு வேலையைப் பாருங்க. தினம் ஒரு மணி நேரம் பிராசஸருக்காகவே காத்திருக்கீங்க, வேலையும் வரிசையில் நிக்குது, ஒரு வருஷத்துக்குள்ளே காசு திரும்பும்னு கணக்கு வந்தா, தைரியமா வாங்குங்க. ஒன்றரை, ரெண்டு வருஷம்னு இழுத்தா, நடுத்தர விலை பிராசஸரைப் போட்டு அதே கணக்கை இன்னொரு தடவை பாருங்க.

டிசைன் ரூம்ல வேலை பார்க்கிறவங்க, ஓனர்கிட்ட 'சிஸ்டம் ஸ்லோ சார்'னு சொல்லி எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருப்பீங்க. அடுத்த தடவை அந்த நோட்டை எடுத்துட்டுப் போங்க. 'நாளைக்கு ஒரு மணி நேரம் வீணாகுதுங்க, மாசத்துக்கு இவ்வளவு ரூபா, 12 மாசத்துல திரும்பிடும்'னு சொல்லுங்க. மெஷினுக்குக் கணக்குப் பார்த்தே பழகின மனுஷன், இந்தக் கணக்கையும் உட்கார்ந்து கேட்பார்.